மின்வலையின் பிணியறிதல்

வள்ளுவப் பெருந்தகை தமது நூலின் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கு வகுத்துள்ளார். பிணி இன்னதெனத் தெளிதல், அது தோன்றிய காரணத்தை ஆராய்தல், அதனைத் தீர்க்கும் வழியைத் தேர்தல், தேர்ந்தவாறே பிழையின்றி ஆற்றுதல் என்பன அவ்வொழுங்கின் படிகள். நோயாளியின் நிலையையும் நோயின் கடுமையையும் காலத்தையும் கருதுதல் வேண்டுமென்றும் அவர் அடுத்துக் கூறுகின்றார். மனித உடலைக் கருதிக் கூறப்பட்ட இவ்வொழுங்கு, இன்று நாட்டின் உயிர்நாடியாய் விளங்கும் மின்வலைக்கும் முற்றும் பொருந்துவதாகும். மின்வலையின் பழுதுகளைத் தாமே கண்டறியும் பொறிகளும் கணினி முறைகளும் பெருகிவரும் இக்காலத்திலே, அவ்வொழுங்கின் எந்தப் படியை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம், எந்தப் படியை மனிதன் தன் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் யான் ஆராயப் புகுந்த பொருள்.

இது வெறும் ஏட்டாராய்ச்சியன்று என்பதை நம் நாட்டவர் எவர்க்கும் விளக்கவேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி கழிந்து சிறிது நேரத்தில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்திலே, நாம் பேச்சில் ‘ட்ரான்ஸ்ஃபோமர்’ என வழங்கும் நிலைமாற்றியிற் குரங்கொன்று பட்டமையே காரணமென்று பொறுப்பு வாய்ந்த அமைச்சர் கூறினார். பிறநாட்டுச் செய்தித்தாள்கள் அதனை வேடிக்கையாக எழுதின, நாமும் நகைத்தோம். ஆயினும் நகைப்பு அடங்கிய பின்னர் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. விலங்கும் பறவையும் மரக்கிளையும் மின்னலும் மின்கம்பியைத் தீண்டாத நாடு உலகில் இல்லை. தீண்டிய இடத்திலே சிறிதுநேரம் விளக்கணைதல் இயல்பு. ஓரிடத்துத் தீண்டலால் ஒரு தீவு முழுவதும் இருளடைதல் இயல்பாகுமா?

பின்னர் வெளிவந்த தொழில்நுட்ப விளக்கங்கள் இவ்வினாவுக்கு விடை கூறின. அன்று விடுமுறை நாள், மின்தேவை குறைவு. வெயிலோ மிகுதி, ஆதலால் அந்நேரத்து உற்பத்தியிற் பெரும்பங்கு சூரியப்படல்களிலிருந்து வந்தது. நீராலும் நீராவியாலும் சுழலும் பாரமான மின்பிறப்பாக்கிகள் சிலவே ஓடிக்கொண்டிருந்தன. பாரமான சில்லு வேகமாகச் சுழலும்போது ஒரு தடை நேர்ந்தால் உடனே நின்றுவிடாது. தன் பாரத்தின் வலியாலேயே சிறிது நேரம் ஓடும். சூரியப்படலிலே சுழல்வது ஒன்றுமில்லையாதலின் அத்தாங்குவலி அதற்கில்லை. செக்கனுக்கு 50 சுற்றாக இருக்கவேண்டிய மீடிறன் விரைந்து வீழ்ந்தது. நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று பிறப்பாக்கிகளும் விலகியமையால், வெளிச்சம் மீண்ட பின்னரும் அடுத்து வந்த நாட்களில் மின்வெட்டைப் பொறுக்க நேர்ந்தது. ஆகவே குரங்கு நோய் வெளிப்படுதற்கு வாய்த்த ஒரு சந்தர்ப்பம் மட்டுமே. நோய் அதற்கு முன்னரே உடலில் இருந்தது.

அதற்கு முன்னரும் நாம் பலமுறை இருளிற் கிடந்தோம். 2016 மார்ச் 13இலே பியகம உப மின்நிலையத்து நிலைமாற்றி ஒன்றின் பழுது பேசப்பட்டது. 2020 ஓகஸ்ட் 17இலே கெரவலப்பிட்டிய உப மின்நிலையத்திற் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த மனிதத் தவறு பேசப்பட்டது. 2021 டிசம்பர் 3இலே கொத்மலை – பியகம மின்செலுத்து வழியின் பழுது பேசப்பட்டது. ஈராண்டு கழித்து, 2023 டிசம்பர் 9இலே நாடு மீண்டும் இருண்டபோது, அதே கொத்மலை – பியகம வழியின் பெயரே மறுபடியும் நம் காதில் விழுந்தது. ஒரே நோயாளி ஒரே முறைப்பாட்டோடு இரண்டாம் முறை மருத்துவமனைக்கு வந்தால், முதன்முறை பிணி நீக்கப்பட்டதா, வலி மட்டும் தணிக்கப்பட்டதா என்று நல்ல மருத்துவன் ஐயுறுவான். அவ்வையம் நமக்கும் எழுதல் வேண்டும்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றேன். பழுதைக் கண்டறியும் பணியை இயந்திரத்துக்குக் கொடுத்தல் வேண்டும். தயக்கமின்றிக் கொடுத்தல் வேண்டும். ஆனால் இயந்திரம் கண்டதைச் சோதிக்கும் கடமையும், அதற்கு நாட்டவர்முன் விடைகூறும் பொறுப்பும், பெயர் சொல்லி அறியத்தக்க மனிதரிடமே இருத்தல் வேண்டும். வள்ளுவர் கருதச் சொன்ன காலத்தையே அளவுகோலாகக் கொண்டு நோக்கின் இது தெளிவாகும்.

கணப்பொழுதின் வேலை

மின்வலையிலே முதன்முதல் பிணியறியும் கருவி ‘றிலே’ என்பது. மின்செலுத்து வழியொன்றிற் பழுது நேருங்கால் அங்கே மின்னோட்டம் பெருகும், வோல்ற்றளவு தாழும். றிலே இவ்விரண்டையும் இடையறாது அளந்து ஒன்றை மற்றொன்றாற் பிரிக்கின்றது. கம்பியின் நீளத்துக்கேற்ப அதன் தடை அமைவதாதலின், அவ்விகிதத்தைக்கொண்டு பழுது அண்மையிலா சேய்மையிலா என்பதை அது உணர்கின்றது. அண்மையிலெனின் அக்கணமே சுற்றுடைப்பானைத் திறக்கக் கட்டளையிடும். சேய்மையிலெனின், அவ்விடத்துக்குரிய றிலே தன் கடமையைச் செய்யட்டும் என்று சிறிது தாமதித்து, அது செய்யாதவிடத்துத் தான் செய்யும். உயரழுத்த வழிகளிலே இவ்வேலை செக்கனின் பத்திலொரு பங்கு கழியுமுன் முடிதல் வேண்டும். அந்நேரத்துள் மனிதனுக்குக் கண்ணிமைக்கவும் போதாது. ஆகையால் இந்த இடத்திலே இயந்திரமா மனிதனா என்ற வழக்குக்கே இடமில்லை.

நிலைமாற்றிக்கும் இத்தகைய காவலன் உண்டு. ஜேர்மனியரான மக்ஸ் புக்கோல்ஸ் என்பவர் 1921இல் அமைத்த கருவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நிலைமாற்றியின் உள்ளே சூடேறினாலோ மின்பொறி பறந்தாலோ அதிலுள்ள எண்ணெய் சிதைந்து வாயுவாகும். மேலெழும் வாயு ஒரு சிறு கிண்ணத்திற் சேர்ந்து மிதவையைத் தாழ்த்த, அது மணியடித்து எச்சரிக்கும். கணினி பிறக்குமுன்னரே தோன்றிய தானியங்கிப் பிணியறி கருவி இது. அவ்வெண்ணெயிலே கரைந்துள்ள வாயுக்களைப் பகுத்தறியும் முறை பின்னர் வளர்ந்தது. அசற்றலீன் வாயு காணப்படின் உள்ளே மின்பொறி பறக்கின்றதென்றும், மெதேனும் எதிலீனும் மிகுந்திருப்பின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுகின்றதென்றும் கொள்வர். கனடா நாட்டு மிஷேல் டுவால் 1974இலே இவ்வாயுக்களின் விகிதத்தை ஒரு முக்கோணத்திற் குறித்துப் பழுதின் வகையைக் கூறும் வழியை வகுத்தார். எமது சித்த வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்றதே இச்செயலும். நோய் முற்றுமுன் அறிவதே இதன் சிறப்பு.

ஆயினும் கணப்பொழுதிற் செயலாற்றும் இக்கருவிகள் தமக்கு மனிதர் முன்னரே இட்டுவைத்த அளவின்படியே நடக்கின்றன என்பதை மறத்தலாகாது. 1965 நவம்பர் 9ஆம் திகதி மாலை, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே சேர் அடம் பெக் நீர்மின் நிலையத்தில் ஒரு றிலே தன் வழியைத் துண்டித்தது. அவ்வழியிற் பழுது எதுவும் இல்லை. வழியின் உண்மையான வலிமைக்குக் குறைவாக ஓரளவு அதற்கு இடப்பட்டிருந்தது. தேவை வளர்ந்து அவ்வளவை எட்டியதும் அது பணிந்து நடந்தது. மற்றை வழிகள் பாரந் தாங்காது ஒன்றன்பின் ஒன்றாக விலக, நியூயோர்க் நகரம் உட்பட ஏறக்குறைய மூன்று கோடி மக்கள் வாழ்ந்த நிலப்பரப்பு இருளடைந்தது. தொடங்கிய இடத்தைக் கண்டுபிடிக்கப் பொறியியலாளர்க்குப் பல நாட்கள் சென்றன. 2012 ஜூலை 30இலும் 31இலும் இந்தியாவில் நேர்ந்த பெருந்துண்டிப்பிலும் இதே பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது. பீனா – குவாலியர் 400 கிலோவோல்ற்று வழி, பழுதின்றியே, மிகுந்த பாரத்தைச் சேய்மைப் பழுதென மயங்கிய றிலேயினால் துண்டிக்கப்பட்டது. இரண்டாம் நாள் துண்டிப்பு 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதியைத் தாக்கியது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கருவி கீழ்ப்படிதல் தவறவில்லை. வலை வளர்ந்தது, அளவு வளரவில்லை.

நிமிடங்களின் வேலை

றிலே பழுதான பகுதியை வெட்டிவிட்ட பின்னர், பழுது யாது, எங்கே, வலையின் எஞ்சிய பகுதி எந்நிலையில் உள்ளது என்ற வினாக்கள் எழுகின்றன. இங்கேதான் நவீன பிணியறி முறைகள் தம் ஆற்றலைக் காட்டுகின்றன.

முற்காலத்திலே பழுது எங்கேயென அறியத் தொழிலாளர் வழிநெடுகக் கம்பத்துக்குக் கம்பம் நடந்து பார்த்தனர். மழையிலும் இருளிலும் காட்டிலும் மலையிலும் அவர்கள் பட்ட பாட்டை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். இன்று பழுது நேர்ந்த கணத்தில் அவ்விடத்திலிருந்து இருபுறமும் கம்பிவழியே பாயும் அலையைக்கொண்டே இடத்தை அறியலாம். அவ்வலை ஒளியின் வேகத்தை ஒட்டிச் செல்வது. ஒரு மைக்குரோசெக்கனில் ஏறக்குறைய 300 மீற்றர் ஓடும். 120 கிலோமீற்றர் நீளமான வழியின் ஓர் அந்தத்தை அலை 100 மைக்குரோசெக்கனிலும் மறு அந்தத்தை 300 மைக்குரோசெக்கனிலும் அடைந்ததாகக் கொள்வோம். வேறுபாடு 200 மைக்குரோசெக்கன்; தூரத்திற் கூறின் 60 கிலோமீற்றர். 120இலிருந்து 60ஐக் கழித்துப் பாதியாக்கினால், முதல் அந்தத்திலிருந்து 30ஆவது கிலோமீற்றரிலே பழுது உள்ளதெனத் தெளியலாம். எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க கணக்கு இது. இரு அந்தங்களிலுமுள்ள கடிகாரங்கள் மைக்குரோசெக்கன் அளவுக்கு ஒத்து ஓடுதலே இதிலுள்ள அருமை. செய்மதிகள் அனுப்பும் நேரக்குறிப்பு அதனை இயலச் செய்தது. ஒரு மைக்குரோசெக்கன் பிழைத்தால் இடம் 150 மீற்றர் பிழைக்கும். முப்பது கிலோமீற்றர் நடப்பதை நோக்க அது பெரிதன்று.

அதே செய்மதி நேரத்தைக்கொண்டு வலையின் பல இடங்களிலும் மின்னலையின் கட்டத்தை ஒரே கணத்தில் அளக்கும் கருவியை அருண் பட்கே, ஜேம்ஸ் தோர்ப் என்னும் பேராசிரியர்கள் அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலே 1988 அளவில் உருவாக்கினர். அதற்கு முன்னர், 1970இலே, பிரெட் சுவெப்பே என்பவர், பிழை கலந்த பல அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி வலையின் உண்மை நிலையைக் கணிக்கும் முறையை வகுத்திருந்தார். ஓர் அளவுகருவி பொய்சொன்னாலும் மற்றவற்றின் சாட்சியத்தால் அப்பொய் வெளிப்படும் என்பது அதன் நுட்பம்.

இன்னும் பழுது பெரிதாகும்போது கட்டுப்பாட்டறையிலே சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் வந்து குவியும். எது முதல், எது அதன் விளைவு என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது. 1980களிலிருந்து இவ்வெச்சரிக்கைகளைத் தொகுத்து, ‘இவையனைத்தும் இந்த ஒரு பழுதின் விளைவுகள்’ என்று கூறத்தக்க கணினி முறைகள் ஆக்கப்பட்டு வருகின்றன. அனுபவமுள்ள பொறியியலாளரின் அறிவை விதிகளாக எழுதிவைத்து, அவ்விதிகளின்படி கணினி தர்க்கித்து முடிவு கூறும்படி முதலில் அமைத்தனர்.

இவையெல்லாம் இருந்தும் கெடலாம் என்பதற்குச் சான்றாக 2003 ஓகஸ்ட் 14ஆம் திகதி அமெரிக்காவிலும் கனடாவிலும் நேர்ந்த பெருந்துண்டிப்பு நிற்கின்றது. ஒகையோ மாநிலத்து மின்நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டறையிலே பிற்பகல் 2 மணி 14 நிமிடமளவில் எச்சரிக்கை தரும் மென்பொருள் ஓசையின்றி நின்றுபோயிற்று. நின்றதென்று அறிவிப்பதற்கு வேறொன்றும் அமைக்கப்படவில்லை. எச்சரிக்கை வராமையால் வலை நலமாக உள்ளதென்றே அங்கிருந்தோர் கருதினர். மூன்று மணி கழிந்த பின்னர், பாரத்தாற் சூடேறித் தாழ்ந்த கம்பிகள், வெட்டப்படாது வளர்ந்திருந்த மரங்களிற் பட்டு ஒன்றன்பின் ஒன்றாக விலகின. வெளியிலிருந்து தொலைபேசியில் வந்த செய்திகளும் உடனே நம்பப்படவில்லை. அப்பிராந்தியத்தை மேற்பார்வை செய்த மற்றொரு நிலையத்திலே, ஐந்து நிமிடத்துக்கொரு முறை தானாக ஓடவேண்டிய நிலைக்கணிப்பு முறையைத் திருத்தத்துக்காக நிறுத்திய ஒருவர் மீண்டும் தானியங்கச் செய்ய மறந்திருந்தார். நான்கு மணி சில நிமிடமளவில் வலை சரியத் தொடங்கிச் சில நிமிடங்களுள் ஐந்து கோடி மக்களுக்கு மின்சாரம் இல்லாதொழிந்தது. மரம் வெட்டாமை, மென்பொருட் பிழை, மறதி ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்திலே இந்த நோய் பிறந்தது. மௌனமாக இருக்கும் கருவி நலத்தை அறிவிக்கின்றதா, தான் இறந்துவிட்டதை மறைக்கின்றதா என்று நாள்தோறும் ஒருவர் கேட்டல் வேண்டும் என்பதே அந்நாளின் பாடம்.

கற்கும் இயந்திரமும் மாறும் வலையும்

இப்போது விதிகளை எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, பழைய பழுதுகளின் பதிவுகளை ஆயிரக்கணக்கிற் காட்டி இயந்திரத்தையே கற்கச் செய்யும் முறை பரவி வருகின்றது. செயற்கை நரம்பு வலையமைப்பு என்பது அதன் பெயர். விதியால் விளக்கவியலாத நுண்ணிய வேறுபாடுகளையும் இம்முறை பிரித்தறிய வல்லது. அதன் பயனை ஓர் உதாரணத்தாற் கூறலாம். அறுந்த கம்பி வறண்ட மணலிலோ கற்றரையிலோ விழுந்தால் அதன்வழியே மிகச் சிறிய மின்னோட்டமே நிலத்துட் செல்லும். வீட்டிலுள்ள சாதாரண மின்சாதனத்தின் ஓட்டத்தினின்றும் அதனைப் பழைய றிலே வேறுபடுத்தி அறியாது. ஆகவே கம்பி உயிரோடு கிடக்கும். அதனை மிதித்து மாய்ந்த மனிதரும் கால்நடைகளும் எத்துணையர்! அவ்வோட்டத்திலுள்ள ஒழுங்கற்ற துடிப்பை நுட்பமாகக் கவனித்து அதனை இனங்காணும் ஆராய்ச்சியை அமெரிக்காவின் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தினர் பல பத்தாண்டுகளாக நடத்தி வருகின்றனர். மணற்பாங்கான எமது குடாநாட்டுக் கரையோரங்களையும் வறண்ட வன்னி நிலத்தையும் நினைப்பவர் இந்த ஆராய்ச்சியின் அருமையை உணர்வர்.

ஆனால் கற்கும் இயந்திரத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. பெரும் பழுதுகள் அரியவையாதலின், கற்பதற்குப் போதிய உண்மை உதாரணங்கள் அதற்குக் கிடைப்பதில்லை. கணினியிற் செய்துகாட்டிய போலிப் பழுதுகளைக்கொண்டே பெரும்பாலும் கற்கின்றது. வலையின் அமைப்பு மாறினாலோ கற்ற பாடம் பழையதாகிவிடும். நமது வலை இன்று மாறிக்கொண்டிருக்கும் வலை. சுழலும் பிறப்பாக்கி பழுதின்போது தன் வழக்கமான ஓட்டத்தைப் போலப் பன்மடங்கை வழங்கும். அப்பெருக்கத்தைக் கண்டே றிலே பழுதை உணர்கின்றது. சூரியப்படலை வலையோடு இணைக்கும் இன்வேட்டரோ தன் அளவுக்குச் சிறிது மேலாக மட்டுமே வழங்கும். நோய் அதுவே, ஆனால் குறி வேறு. காய்ச்சலைக்கொண்டு நோயறியப் பழகிய வைத்தியன், காய்ச்சலில்லாது வரும் நோயைக் காணாது விடுவதுபோல, பழைய வலையிற் கற்ற இயந்திரமும் பழைய வலைக்கு அளவிட்ட றிலேயும் புதிய வலையில் ஏமாறலாம். 2025 ஏப்ரலிற் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைமேற் சூரியப்படல்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மக்களிடம் வேண்டப்பட்டமை, நமது வலை எத்துணை விரைந்து மாறிவிட்டது என்பதற்குச் சான்று.

மற்றைக் குறை, இவ்வியந்திரம் காரணம் கூறாமை. விதியின்படி நடந்த பழைய முறை, ‘இந்த றிலே இயங்கியது, அந்தச் சுற்றுடைப்பான் திறக்கவில்லை, ஆகவே இது முடிபு’ என்று தன் வழியைக் காட்டும். நரம்பு வலையமைப்போ முடிபை மட்டும் கூறும். கணக்கின் விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத மாணவனுக்கு எம் ஆசிரியர்கள் முழுப்புள்ளி வழங்கியதில்லை. மின்வலையிலும் அந்த விதியைத் தளர்த்தலாகாது. தன் முடிபுக்கு ஆதாரமான அளவீடுகளையும் நேரங்களையும் எடுத்துக்காட்டாத எந்த முறையையும் கட்டுப்பாட்டறையிலே ஆலோசனை கூறுமிடத்தில் வைக்கலாம். தீர்ப்புக் கூறுமிடத்தில் வைத்தலாகாது.

நாட்களின் வேலை

வெளிச்சம் மீண்ட பின்னர் தொடங்குவது விசாரணை. நம் நாட்டிலே பெரும் மின்தடை நேர்ந்த மறுகணமே ‘யார் செய்தது?’ என்ற வினா எழுகின்றது. ஒருமுறை பராமரிப்பில் ஈடுபட்ட ஊழியர், மறுமுறை சதியோ என்னும் ஐயம், பிறிதொருமுறை குரங்கு. ஊழியர் தவறியிருக்கலாம், குரங்கும் பாய்ந்திருக்கலாம். ஆனால் ஒருவர் தவறினால் முழு நாடும் வீழும்படி வலை அமைந்திருந்ததேன் என்ற வினாவுக்கு, பழி சுமத்த ஒருவர் அகப்பட்ட உடனேயே, விடை தேடுவாரில்லாது போகின்றது. பழி எப்போதும் மேலிருந்து கீழே உருண்டு, தன்னைக் காத்துக்கொள்ள வலியில்லாதவன் காலடியிலேயே வந்து நிற்கின்றது.

தானியங்கிப் பிணியறி முறையின் பெரும்பயன் இங்கேதான் உள்ளதென்பது என் துணிபு. செய்மதி நேரங் குறித்த பதிவு எவர்க்கும் அஞ்சாது, எவர்க்கும் இரங்காது. எந்தச் சுற்றுடைப்பான் எந்த மில்லிசெக்கனிலே திறந்தது, எந்த றிலே பேசாதிருந்தது, மீடிறன் எவ்வாறு வீழ்ந்தது என்பதெல்லாம் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். குற்றமற்ற ஊழியனை அது விடுவிக்கும். அளவுகளைப் புதுக்காதவரையும், எச்சரிக்கப்பட்டும் ஆவன செய்யாதவரையும் அது காட்டிக்கொடுக்கும். ஆயின் அப்பதிவு பெட்டிக்குள்ளே பூட்டப்பட்டிருக்குமாயின் இருந்தும் பயனில்லை. அமெரிக்காவும் கனடாவும் 2003இன் நிகழ்ச்சியைக் கூட்டாக விசாரித்து, நிமிடத்துக்கு நிமிடம் நடந்ததை விரிவான அறிக்கையாக அடுத்த ஆண்டே உலகறிய வெளியிட்டன. ஆகையாலன்றோ இத்தீவின் கல்லூரி மலரொன்றிலே அதனை நாம் எடுத்துப் பேச முடிகின்றது. நம் நாட்டு மின்தடைகளைப் பற்றியும் அத்தகைய முழுமையோடு நாம் பேசத்தக்க நிலை வருதல் வேண்டும்.

தடைகளும் விடைகளும்

இதற்கு எதிராகக் கூறத்தக்கவை சில உள. பொருள்வளங் குன்றிய நாட்டுக்கு இவையெல்லாம் ஆடம்பரமென்பர் சிலர். ஆனால் இன்று விற்பனையாகும் எண்முறை றிலேக்கள் பழுதின் பதிவைத் தாமாகவே எழுதிவைக்கும் இயல்புடையன. அவ்வாறு எழுதப்பட்டவற்றை ஒருங்கு திரட்டி வாசிக்க ஆட்களும் ஒழுங்கும் வேண்டுவதே பெரிய தேவை. நாடு முழுவதும் சில மணிநேரம் தொழிலின்றி நிற்பதன் நட்டத்தோடு அச்செலவை ஒப்பிடுவோர் அதனை ஆடம்பரமென்னார்.

தொழிலாளரின் வேலை போய்விடும் என்பர் வேறு சிலர். பழுது 30ஆவது கிலோமீற்றரில் என்று இயந்திரம் கூறினாலும், அங்கே சென்று கம்பத்தில் ஏறிக் கம்பியை இணைப்பது மனிதன் கையே. இருளில் அலைந்து தேடும் துன்பமும் ஆபத்துமே அவனுக்குக் குறையும்.

மூன்றாவது தடையே வலிமையுடையது. எல்லாவற்றையும் இயந்திரம் கண்டு கூறுமாயின் இளம் பொறியியலாளர் தாமாகச் சிந்திக்கும் பழக்கத்தை இழந்துவிடுவர். இயந்திரம் பிழைக்கும் நாளிலே பிழையென்று கூற வல்லார் ஒருவரும் இரார். இவ்வச்சம் நியாயமானது. பயிற்சி ஒன்றே இதற்கு மருந்து. பழைய நிகழ்ச்சிகளின் பதிவை இளையோர்முன் வைத்து, இயந்திரத்தின் முடிபைக் காட்டுமுன் அவர்தம் முடிபை எழுதச் செய்து, பின்னர் இரண்டையும் ஒப்பிடுவித்தல் வேண்டும். வைத்தியக் கல்லூரிகளிலே நோயாளியின் படுக்கையருகே ஆசிரியர் மாணவரை வினாவுவதும் இதற்காகவே.

ஆகவே யான் வேண்டுவன இவை. வலையின் அமைப்பு மாறுந்தோறும், சிறப்பாகச் சூரியமின் பெருகுந்தோறும், றிலேக்களின் அளவுகள் மீளாய்வு செய்யப்படுதல் வேண்டும். பிணியறி முறைகள் உயிரோடுள்ளனவா என்று நாள்தோறும் சோதித்தற்கு ஒருவர் பொறுப்பாயிருத்தல் வேண்டும். நாடளாவிய மின்தடை ஒவ்வொன்றின் பதிவும் குறித்த காலத்துள் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுமக்களுக்கும் வெளியிடப்படுதல் வேண்டும். அந்த அறிக்கையின் அடியிலே இயந்திரத்தின் பெயர் போதாது. பொறியியலாளர் ஒருவரின் கையொப்பம் இருத்தல் வேண்டும்.

இன்று எமது கல்லூரியின் ஆய்வுகூடத்திலே மின்கலத்தையும் கல்வனோமானியையும் வைத்துப் பயிலும் மாணவருள் சிலர் நாளை இந்த வலையின் வைத்தியராவர். அவர்கட்கு ஒன்று கூறுவேன். கருவியின் முள் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் அது அவ்வாறு காட்டுவது ஏன் என்றும், முள் பிழையாயின் அதனை எவ்வாறு அறிவேன் என்றும் கேளுங்கள். அவ்விரு வினாக்களையும் பதினாறு வயதிற் கேட்கப் பழகியவன், ஐம்பது வயதிற் கட்டுப்பாட்டறையில் இருக்கும்போது எச்சரிக்கை மணியின் மௌனத்தை நம்பி ஏமாறான்.

பழைய மாணவராகிய எமக்கும் கடமையுண்டு. விழாக்காலத்திலே கல்லூரிக்கு எதை நல்குவது என்று உள்நாட்டிலும் கடல்கடந்தும் வாழும் நாம் ஆலோசிப்பது வழக்கம். கட்டடமும் நுழைவாயிலும் அழகு தருவனவே. அவற்றோடு, மின்னலையைத் திரையிற் காட்டும் அலைகாட்டிகள் சிலவும், பழுதுகளை மாணவர் தாமே உண்டாக்கித் தாமே கண்டறிந்து பழகத்தக்க சிறு மாதிரி மின்வலை ஒன்றும் ஆய்வுகூடத்துக்கு அளிப்போமாயின், அதன் பயன் எம் ஊரெல்லையைக் கடந்து நாடு முழுவதற்கும் சென்றெய்தும்.